தூக்கிப் போடச் சொன்ன பிரின்டர்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டு போட்டோ பிரின்டர் ஸ்ட்ரைக் செய்துவிட்டது.

நோட்டீஸ் கிடையாது, கோரிக்கை கிடையாது. ஸ்விட்சைப் போட்டேன். லேசாக முனகியது. ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டியது. குட்டித் திரையில் 'பேப்பர் ஜாம்' என்று எழுதிக் காட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இன்னும் ஒரு தாள்கூட வைக்கவில்லை. இல்லாத பேப்பர் எப்படி உள்ளே மாட்டிக்கொள்ளும்?

அணைத்துப் போட்டேன். அதே விளக்கு. பிளக்கைப் பிடுங்கி, பத்து வரை எண்ணி, திரும்பச் சொருகினேன். அதே விளக்கு. டார்ச் அடித்து உள்ளே பேப்பரைத் தேடினேன்... துண்டு துணுக்குகூட இல்லை. கடைசியாக நம் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் — பக்கவாட்டில் இரண்டு தட்டு. டிவிக்குப் பலிக்கும், ரேடியோவுக்குப் பலிக்கும். இதற்குப் பலிக்கவில்லை.

சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் எதிரே சோபாவில் ஷமீமா உட்கார்ந்திருந்தாள், கையில் கேமராவின் மெமரி கார்டுடன்.

ஷமீமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மணவாள நகரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். பிறந்தது பழவேற்காடு. கணவர் திருவள்ளூர் பஜாரில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிறார். இவள் கல்யாணப் பெண்களுக்கு மெஹந்தி போடுகிறாள். ஒரு கையை இவளிடம் கொடுத்துவிட்டால் முழங்கை வரைக்கும் கொடியும் மாங்காயும் ஓடும், திரும்பிப் பார்த்தால் மயிலே உட்கார்ந்திருக்கும். அப்படி ஒரு கை.

ஆனால் போட்ட டிசைனைக் காட்டினால்தானே அடுத்த வேலை வரும்? படம் எடுத்து வைக்கலாம். பிரின்ட் போட ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும். அங்கேதான் சிக்கல். வளையலும் மோதிரமுமாக முழங்கை வரை தெரிகிற கல்யாணப் பெண்ணின் கை, முன்பின் தெரியாத ஆண்களின் கம்ப்யூட்டரில் கிடப்பதை அந்த வீடுகளில் விரும்புவதில்லை. ஷமீமா ஒவ்வொரு வீட்டிலும் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கேமராவையே எடுப்பாள்: படம் ஸ்டூடியோவுக்குப் போகாது.

பின்னே எங்கே போகும்? எங்கள் வீட்டுக்கு வரும். டிபன் கேரியரைவிடக் கொஞ்சம் பெரிய இந்தப் பிரின்டரை இரண்டு வருடம் முன்னால் சென்னையில் வாங்கி, மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு நான்தான் கொண்டுவந்தேன். கார்டை நேராகச் சொருகினால் போதும், போஸ்ட் கார்டு சைஸில் படம் வந்து விழும். கம்ப்யூட்டரே வேண்டாம். படம் ஒரு பெண் கையிலிருந்து இன்னொரு பெண் கைக்கு, அவ்வளவுதான். இப்படியே இருபது படங்கள் சேர்ந்து ஆல்பம் பாதி நிறைந்திருந்தது.

இந்த மாதம் ரம்ஜான் நோன்பு முடிந்த கையோடு பழவேற்காட்டில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. மெஹந்தி போடும் வேலை யாருக்கு என்பதை வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் முடிவு செய்யப் போகிறார்கள். சென்னையிலிருந்து ஒரு பியூட்டி பார்லர் அம்மாள் தலையணை கனத்துக்கு ஆல்பம் ஒன்றை ஏற்கெனவே அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஷமீமாவிடம் பாதி ஆல்பம். மீதிப் பாதி அந்தக் கார்டில். புதுசாகப் போட்ட, நல்ல நல்ல டிசைன் எல்லாம் அதில்தான் இருந்தன. அந்த வீட்டு வேலை கிடைத்துவிட்டால் அந்த ஊரில் அப்புறம் எல்லாக் கல்யாணத்துக்கும் அவள்தான். கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குப் பெருநாள் மருதாணி வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள ரெடி பண்ணிடலாம்" என்று சொல்லி கார்டை வாங்கி வைத்துக்கொண்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மத்தியானம் பிரின்டரை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் திருவள்ளூர் போனேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் இரண்டு பட்டனை அழுத்திப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டாக்டர்கள் வராந்தாவில் சொந்தக்காரர்களைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"ஹெட் போயிருக்கும் மேடம். இத்த ரிப்பேர் பண்றதுக்கு புச்சே வாங்கிடலாம்" என்றார். மை தெளிக்கிற அந்த ஹெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சென்னை சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டேன். கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்ல ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ரிப்பேர் செலவு புதுசின் விலையில் முக்கால்வாசி வந்தாலும் வரலாம், உத்தரவாதம் கிடையாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அதாவது — செத்துப் போனாலும் போகலாம், ஃபீஸ் மட்டும் உண்டு.

சரி, இதே மாதிரி புதுசு இருக்கிறதா என்று கடைக்காரரையே கேட்டேன். ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டால் பத்து நாள். இருப்பது ஒரு ஆல்-இன்-ஒன். ஜெராக்ஸ் எடுக்கும், ஸ்கேன் செய்யும், கேட்டால் காபியும் போட்டுத் தரும் என்கிற அளவுக்குக் கடைக்காரர் புகழ்ந்தார். ஒரு ரோஜாப்பூ சாம்பிள் எடுத்துக் காட்டினார். சிவப்பு, செங்கல் பொடி நிறத்தில் வந்திருந்தது. மெஹந்தியில் நிறம்தானே எல்லாம்? நன்றாகச் சிவந்த கையைச் செங்கல் நிறத்தில் காட்டினால் எந்தப் பெண்ணின் அம்மா ஒப்புக்கொள்வாள்?

ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு அது பரவாயில்லையே... பழசைக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் குறைப்பேன் என்றார். வியாழக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு அவரே புதுசை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, பழசை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டோவில் பிரின்டரை மடியில் வைத்துக்கொண்டபோது, அது வந்த நாள் ஞாபகம் வந்து மனசு என்னவோ செய்தது.

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். அங்கே, வேறு யாராவது எடைக்குப் போட்டிருப்பார்கள் என்று சொல்லக்கூடிய மெஷின்களை எல்லாம் கம்பி கட்டி, வாஷர் வெட்டிப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிற மனிதர். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் விஷயத்தைச் சொன்னேன். எவ்வளவு எதிர்பார்ப்போடு சொல்லியிருப்பேன்...

"தூக்கிப் போடு" என்றார்.

கம்பெனியில் ஒரு திருகாணியைத் தூக்கிப் போட மனசு வராது. வீட்டுக்கு வந்தால் ஸ்க்ரூடிரைவரைக் கண்டாலே தூக்கம் வரும். இது எங்கள் வீட்டில் மட்டும்தானா? சமையல்காரர் வீட்டில் சமையல் எப்படி, வாத்தியார் வீட்டில் படிப்பு எப்படி என்று விசாரித்துப் பாருங்கள்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் எழுந்து வந்தார். வந்து, கம்பெனியில் எந்த மெஷின் நின்றாலும் அவர் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"கடைசியா நல்லா ஓடுச்சு இல்ல? அதுக்கு அப்புறம் யாரு இன்னா பண்ணாங்க இதுல?"

நான் யோசித்தேன். மனசாட்சியோடுதான் யோசித்தேன். போன வாரம் எதிர்வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் படங்கள் ஜோராக வந்தன. அப்புறம் சனிக்கிழமை ஆயுத பூஜை, மெஷினைத் தொடக்கூடாது. ஞாயிறும் திங்களும் வேலை வரவில்லை.

"யாரும் ஒண்ணும் பண்ணலைங்க. பூஜைன்னு லீவுல இருந்துச்சு" என்றேன்.

"அப்ப ஹெட்டுதான் போயிருக்கும்" என்று அவரும் தீர்ப்பு எழுதிவிட்டு சாப்பிடப் போனார். ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், பிரின்டர் எல்லாம் பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

புதன்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. நான் நாலு தடவை ஸ்விட்ச் போட்டுப் பார்த்தேன் என்பதைத் தவிர.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஷமீமா வந்தாள். புது மெஷினின் நிறத்தைப் பற்றி அவளிடம் போனில் சொல்லியிருந்தேன். கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை.

"பரவால்லக்கா. அந்தக் கலர்ல காட்டறதுக்கு காட்டாமயே இருந்துடலாம். பாதி ஆல்பத்த எடுத்துக்கினு போறேன், மீதிய வாயால சொல்லிக்கறேன்" என்றாள்.

மெஹந்தி டிசைனை வாயால் சொல்வதா? நான் ஈரத்துணியை எடுத்தேன். கடைக்காரருக்குக் கொடுக்குமுன் பிரின்டரைத் துடைத்துக் கொடுப்போம் என்று. வீட்டை விட்டுப் போகிற பொருளானாலும் தூசியோடு அனுப்ப நமக்கு மனசு வராது. பொட்டோடு அனுப்பவும் மனசு வரவில்லை. பின்பக்கம் பேப்பரைச் சாய்த்து வைக்க ஒரு தகடு நிற்கும். அதன் நடுவில், நெற்றி மாதிரி இருந்த இடத்தில்தான் பொட்டு வைத்திருந்தேன். அதைத் துடைக்கப் போனேன்.

"இருங்கக்கா, தொடைக்காதீங்க" என்று என் கையைப் பிடித்தாள் ஷமீமா.

குனிந்தாள். பொட்டிலிருந்து கீழே, மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு இறங்கியிருந்தது. அந்தக் கோட்டின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு போனாள். கோடு தகட்டில் இறங்கி, பேப்பர் நுழைகிற சந்துக்குள் போய் மறைந்தது.

"சந்தனத்துல இன்னாக்கா ஊத்தி கரைச்சீங்க?"

"பன்னீர்" என்றேன். "கொஞ்சம் தாராளமாவே ஊத்திட்டேன். வாசனையா இருக்கட்டும்னு."

"அதான் எறங்கிடுச்சு. எங்க வேலைல மொதல் பாடமே இதுதான்க்கா. தண்ணி ஒரு சொட்டு ஜாஸ்தியானா கோடு நிக்காது, ஓடிடும். ஓடி எங்க நிக்குதோ அங்க கல்லு மாரி காஞ்சிடும்."

டார்ச்சை வாங்கி உள்ளே அடித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை நான் பார்த்த அதே இடம்தான். நான் பேப்பரைத் தேடினேன், அதனால் பேப்பர் இல்லை என்பதை மட்டும் பார்த்தேன். இப்போது தெரிந்தது. பேப்பர் வந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பதற்காக உள்ளே ஒரு கறுப்பு நாக்கு இருக்கிறது, அரைச் சுண்டுவிரல் நீளத்துக்கு. பேப்பர் வந்தால் அது மடங்கும், போனால் நிமிரும். சந்தனம் அதன்மேல் வழிந்து, பாரத்தில் அதை மடக்கி, அந்த வாக்கிலேயே சிமென்ட் போட்டு ஒட்டிவிட்டிருந்தது. நாக்கு மடங்கியே கிடந்தால் பிரின்டர் என்ன நினைக்கும்? பேப்பர் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கும். பாவம், அது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. தட்டு வாங்கியதுதான் மிச்சம்.

நான் உடனே ஹேர்பின்னை எடுத்துச் சுரண்டப் போனேன். ஷமீமா விடவில்லை.

"சொரண்டுனா ஒடைஞ்சிடும். ஊற வெச்சா தானா வந்துடும்" என்றாள்.

பிளக் பிடுங்கியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டோம். காது குடையும் பட்ஸைத் தண்ணீரில் தொட்டு, சொட்டாமல் பிழிந்து, அந்த நாக்கின்மேல் சாய்த்து வைத்தாள். டீ போட்டேன். குடித்தோம். பத்து நிமிடம் கழித்து பட்ஸை மாற்றினாள். இன்னொரு பத்து நிமிடம். அப்புறம் தன் பையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தாள். மெஹந்தி கோனின் வாய் அடைத்துக்கொண்டால் திறப்பதற்காக எப்போதும் வைத்திருப்பாளாம். மணிக்கணக்கில் கை நடுங்காமல் கோடு போடுகிறவள் இல்லையா... ஊசி முனையால் ஓரம் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனாள். சந்தனம் சின்னச் சின்ன செதிலாக வெளியே வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு டார்ச்சைப் பிடித்திருந்தேன்.

டக் என்று ஒரு சத்தம். நாக்கு நிமிர்ந்துவிட்டது.

ஈரம் காய்வதற்காக ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம் வைத்தோம். அந்த ஒரு மணி நேரத்தை எப்படிக் கடத்தினோம் என்று கேட்காதீர்கள். ஐந்தரை மணிக்கு ஸ்விட்சைப் போட்டேன். முனகியது. ஒரு சிமிட்டல் சிமிட்டியது. பச்சை.

தாளை வைத்து, கார்டைச் சொருகி, முதல் படத்தை அழுத்தினேன். முதலில் நகங்கள் வந்தன. அப்புறம் சிவந்த விரல் நுனிகள். அப்புறம் உள்ளங்கை, வட்டம் வட்டமாக. மணிக்கட்டில் கொடி. செங்கல் நிறம் இல்லை. அசல் மருதாணிச் சிவப்பு. ஷமீமா படத்தைக் கையில் வாங்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான், மறைப்பானேன்?

ஆறு மணிக்குச் சரியாக வாசலில் மொபெட் சத்தம். கடைக்காரர், பின்னால் பெரிய அட்டைப் பெட்டியோடு. உள்ளே எட்டாவது படம் வந்துகொண்டிருந்தது. மெஷின் போடும் சத்தத்தைக் கேட்டு அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா மேடம், ஓடுதா அது?"

"ஓடுது."

"ஹெட்டு?"

"ஹெட்டு நல்லாத்தான் இருக்கு" என்றேன். யாருடைய ஹெட் என்று நான் சொல்லவில்லை.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. குவாலிட்டி எப்படி வருகிறது, ஒரு பிரின்ட்டைக் காட்டுங்கள் என்று கையை நீட்டினார். படங்களை எல்லாம் கவிழ்த்து வைத்திருந்தேன். "அது மட்டும் முடியாது" என்றேன். இவ்வளவு நல்ல பிரின்ட்டைக் கடைக்காரரிடம் காட்டாமல் பிடித்துக்கொள்வதற்கு எத்தனை மன உறுதி வேண்டும் தெரியுமா? ஆனால் வாக்கு வாக்குதான். போகிற மனிதரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாமே என்று ஒரு கலர் கார்ட்ரிட்ஜுக்கு ஆர்டர் கொடுத்தேன். பெட்டியைத் திரும்பக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனார்.

ஏழு மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். மேஜைமேல் பழைய பிரின்டர், பச்சை விளக்கோடு. விஷயத்தைக் கேட்டதும் சந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், நாக்கை விரலால் ஒருமுறை மடக்கிப் பார்த்தார். அவருக்கு ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்கின் வேலையைப் பார்க்கிற மரியாதை வந்துவிட்டது.

"நான் அன்னிக்கே கேட்டனே, யாரு இன்னா பண்ணாங்கன்னு. பூஜை பண்ணத நீ சொல்லவே இல்லியே?"

"பூஜை பண்றதெல்லாம் 'பண்றது'ல சேத்தியாங்க?"

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். ஏன் தெரியுமா? கும்மிடிப்பூண்டியில் அவரே ஒவ்வொரு மெஷினுக்கும் கிண்ணமும் கையுமாகப் போய்ப் பொட்டு வைத்துவிட்டு வந்தவர்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். நான் பொய் சொல்லவில்லையே... நிஜமாகவே ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நம்பினேன். நாம் எல்லோரும் அப்படித்தான். சுகர் ஏறியிருக்கிறதே, என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டால், ஒன்றும் சாப்பிடவில்லை என்போம். கோயில் சர்க்கரைப் பொங்கல் கணக்கில் வராது, அது பிரசாதம். பிள்ளையின் வயிறு ஏன் உப்பியிருக்கிறது என்றால், ஒன்றும் கொடுக்கவில்லை என்போம். பாசத்தில் ஊட்டின நாலு வாய் கணக்கில் வராது. தப்பு செய்தால் மறக்காமல் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். பக்தியிலும் பாசத்திலும் செய்ததை மட்டும் செய்ததாகவே எழுதிக்கொள்வதில்லை. அதனால்தான் நின்றுபோன மெஷினைச் சுற்றி நின்றுகொண்டு, யாரும் ஒன்றும் செய்யவில்லையே என்று திகைக்கிறோம்.

வெள்ளிக்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. போன் வரவில்லை. நானாகக் கேட்கவும் பயம்.

சனிக்கிழமை காலை, நாஷ்டா வேளைக்கு ஷமீமாவே வந்தாள். சிரிப்பு இந்தத் தடவை கண்ணிலும் இருந்தது. அவர்கள் ஆல்பத்தை மூன்று தடவை புரட்டினார்களாம். பெண்ணின் அம்மா ஒரு படத்தில் விரலை வைத்து, இந்தச் சிவப்பு என் பெண் கையிலும் வருமா என்று கேட்டாராம். வரும் என்றாளாம். பெண்ணுக்கு மட்டும் அல்ல, அந்த வீட்டுப் பெண்கள் எல்லோர் கையும் இப்போது ஷமீமாவுடையது. பார்லர் அம்மாளின் தலையணை ஆல்பத்தைத் திருப்பி அனுப்பப் போகிறார்களாம். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, கட்டிக்கொண்டேன்.

ஒரு பெட்டி ஸ்வீட் கொடுத்தாள். கூடவே, கணவரின் ஃபேன்ஸி ஸ்டோரிலிருந்து ஒரு சின்ன அட்டையும் எடுத்து நீட்டினாள். மெரூன் கலர் ஸ்டிக்கர் பொட்டு. எனக்கு எதற்கு இவ்வளவு பொட்டு என்று சொல்லிக்கொண்டே வாங்கினேன்.

"உங்களுக்கு இல்லக்கா," என்றாள். "பிரின்டருக்கு."